தாழ்தளப் பேருந்தில் ஒன்பது தன்னார்வலர்கள்

முதல் ஒத்திகையில் பேருந்துக்குள் ஏறியது சாராள் ஒருத்திதான். அதுவும் நான் அவளைச் சக்கர நாற்காலியோடு சரிவுப் பலகையில் தள்ளி ஏற்றிவிட்டதால். ஒன்றரை மணி நேரம் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே மற்றவர்கள் ஒருத்தரையொருத்தர் “நீங்க ஏறுங்க” என்று சொல்லிக்கொண்டே நின்றார்கள்.

“வேங்கடண்ணா, எலிப்பொறிக்குள்ள வெச்ச தேங்காச்சில்லு மாதிரி உக்காந்திருக்கறேன். ஒரு எலியும் வரமாட்டேங்குதே!” என்று சன்னல் வழியாகச் சத்தம் போட்டாள்.

எங்கள் காலனி காரமடைக்கு மேற்கே, பள்ளத்தை ஒட்டி இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடையை எங்கள் பக்கம் பள்ளம் என்போம். எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மலையில் பெய்த மழை பள்ளத்தில் வந்து நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் வந்து வீடுகளுக்குள் புகுந்தது. சாராளுக்கு இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போனது. அவளைத் தூக்கிப்போக வேறு வழி தெரியாமல், பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டுவந்து, மண் அள்ளுகிற தொட்டியில் உட்காரவைத்துக் கரையேற்றினார்கள். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது.

“பொக்லைன் பளிச்சுனு விழுந்திருக்குதுங்கண்ணா. நாந்தான் ஒரு லோடு எம்-சாண்டு மாதிரி இருக்கறேன்” என்றாள்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, இந்த வருஷம் அரசாங்கத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால், நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள் எல்லோரையும் தாழ்தள டவுன் பஸ்ஸில் ஏற்றிக் காரமடைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது. எங்கள் காலனியில் எட்டுப் பேரை எழுதிக்கொண்டு போனார்கள். திட்டத்தைக் கொண்டுவந்த அலுவலர் பிரவீனா பீளமேட்டுக்காரர். முப்பது வயசு இருக்கும். கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் தொங்கவிட்டிருந்தார்.

எச்சரிக்கை கொடுத்ததிலிருந்து முப்பது நிமிஷத்துக்குள் பஸ் நகர்ந்தால் திட்டம் சரி. நகரவில்லையென்றால், அந்த எட்டுப் பேரையும் மழைக்கு முன்பே கொண்டுபோய்க் கோயமுத்தூரில் ஒரு காப்பகத்தில் வைத்துவிடுவார்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மூன்று மாசம்.

மற்றவர்களுக்கு அது சங்கடம். சாராளுக்கு அது வயிற்றில் அடிப்பது. அவள் கையால் சுற்றுகிற தையல் இயந்திரம் வைத்து ஒற்றை ஆளாகப் பிழைக்கிறவள். தீபாவளி ரவிக்கையும் கிறிஸ்துமஸ் கவுனும் அந்த மூன்று மாசத்தில்தான் வரும்.

“மூணு மாசம் காப்பகத்துல உக்காந்திருந்தா, தைக்கக் குடுக்கறவங்க வேற ஆளைப் பாத்துக்குவாங்க. திரும்பி வரப்ப என்ற ஊட்டுக்கே நான் விருந்தாளிங்கண்ணா” என்றாள்.

அதனால் முதல் ஒத்திகைக்கு அவள்தான் முதல் ஆளாகத் தயாரானாள். மற்றவர்கள் தயாரான விதத்தைச் சொல்கிறேன்.

பீளமேட்டிலிருந்து கல்லூரி மாணவர்கள் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு உதவிக்கு வந்தார்கள். இரண்டு பேர் சாந்தாமணி அம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். சர்க்கரை வியாதியில் அவருக்குக் கண் போய்விட்டது, நிழல் மட்டும்தான் தெரியும். ஆனால் பொங்குகிற சத்தத்தை வைத்தே பாலை இறக்கிவிடுவார்.

“வெள்ளம் வருதுங்கம்மா, கிளம்புங்க.”

“வரட்டும் கண்ணு. அதுக்காக ஊட்டுக்கு வந்தவங்களை வெறும் வாயோட தாட்டிவிடறதா? காப்பியா, டீயா?”

“நேரமாயிடுங்கம்மா. இது ஒத்திகைதான், ஆனாலும்...”

“ஒத்திகைதானா? அப்ப அவசரமே இல்லியே! உக்காருங்க.”

காப்பி வந்தது. பின்னாலேயே வேகவைத்த நிலக்கடலை வந்தது. மாணவர்கள் சாப்பிட்டு முடித்ததும், “எனக்கென்னுங் கண்ணு, நான் தடவித் தடவி வந்துபோடுவேன். பக்கத்து ஊட்டுத் தம்பிதுரையண்ணனுக்குத்தான் சுத்தமாக் காது கேக்காது. அவரை முதல்ல கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பிவைத்தார்.

தம்பிதுரை நாற்பது வருஷம் மில்லில் தறிகளுக்கு நடுவே நின்றவர். அந்தச் சத்தம் காதை மொத்தமாக வாங்கிக்கொண்டது. அவர் அதை ஒத்துக்கொண்டதே இல்லை. எது சொன்னாலும் தலையாட்டிச் சிரிப்பார். மாணவர்கள் எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டு அவர் சொன்னது: “எனக்கொரு கொறையும் இல்லீங் கண்ணு. பக்கத்து ஊட்டம்மாவுக்குப் பாவம், கண்ணு தெரியாது. அவியளைக் கூட்டிட்டு வாங்க. நான் பின்னாலயே வாரேன்.”

மாணவர்கள் மறுபடியும் சாந்தாமணி அம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். மறுபடியும் காப்பி.

கடைசி வரிசை வீட்டில் வயசான அக்காமார் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் கைத்தடி. பஸ் வாசலில் மூத்தவர் ஏறாமல் இளையவர்கள் ஏறமாட்டோம் என்றார்கள். தங்கைகளை ஏற்றாமல் நான் எப்படி ஏறுவேன் என்றார் மூத்தவர். சரவணனை எச்சரிக்கைச் சங்கொலிதான் கெடுத்தது. முப்பது வயசுப் பையன், நல்லவன், ஆனால் பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவான். சங்கு ஊதியதும் நடுரோட்டில் உட்கார்ந்தான். அவனை விட்டு வரமாட்டேன் என்று மூச்சிரைப்புக்காரி நஃபீசா அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

பிரவீனா கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நாற்பது நிமிஷம்.

“ஏனுங்க, வெள்ளம் உங்களையாட்ட மரியாதை பாக்காதுங்க” என்றார். கோபம்கூட இல்லை, அழுதுவிடுவார் போலிருந்தது. “இன்னொரு தடவைதான் குடுக்க முடியும். பதினஞ்சு நாளைக்குள்ள ஒரு நாள் சொல்லாம வருவேன். பசங்களுக்குப் பரீட்சை, வரமாட்டாங்க. நீங்களாத்தான் வரோணும். முப்பது நிமிசத்துல படிவம் முடிஞ்சு வண்டி நகரலைன்னா, ஐப்பசி ஒண்ணாந்தேதி காப்பகத்துலருந்து வேன் வந்துரும்.”

அவர் போன பிறகு சாராள் ஒரு நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தைத் தொடவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். நான் அடுத்த வீடு. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறேன். முப்பத்தைந்து வருஷமாக.

“அண்ணா, நம்ம சனம் உதவி வாங்கறதுக்குச் சாகும். ஆனா உதவி பண்ணறதுன்னா எந்திரிச்சு ஓடியாரும். பாத்தீங்கள்ல? ஒருத்தராவது எனக்கு வேணும்னு சொன்னாங்களா? அவியளுக்குப் பண்ணுங்க, இவியளுக்குப் பண்ணுங்கன்னுதானே சொன்னாங்க?”

“ஆமா. அதுக்கு?”

“அதுக்கு, எல்லாரையும் தன்னார்வலர் ஆக்கிப்போடலாம்.”

“எட்டுப் பேரும் தன்னார்வலர்னா ஏத்தறது யாரை அம்மிணி?”

“எட்டுப் பேரைத்தான்” என்று கண்ணைச் சிமிட்டினாள். “ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தரு. ரகசியம் காக்கறதுக்கு எனக்கொரு கெட்டியான ஆளு வேணும். வண்டி தள்ளறதுக்கும் வேணும். நீங்கதான்.”

எனக்கு நெஞ்சு ஒரு விரற்கடை உயர்ந்தது. அன்றைக்கு நான் மண்டிக்குப் போகவில்லை. லோடு குறைவு என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தேன். உண்மை என்னவென்றால், என் இடது முட்டி வீங்கியிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. முட்டி போனவனை எங்கள் மேஸ்திரி லாரிப் பலகையில் ஏறவிடமாட்டார். ஓரமாக உட்காரவைத்துக் கிழிந்த கோணி தைக்கச் சொல்லிவிடுவார். பத்துப் பேர் மூட்டையோடு ஓடும்போது நடுவில் ஒருத்தன் உட்கார்ந்து ஊசி கோப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவனைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன்.

கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு சாராள் புறப்பட்டாள். தீபாவளிக்கு அளவெடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாக ஏறினோம். நான் தள்ளுகிறவன், எல்லாம் என் காதில் விழுந்தது.

முதலில் சாந்தாமணி அம்மா. தோள் அளவு எடுக்கிற சாக்கில் காதோடு சொன்னாள். “அம்மா, ஒரு பொறுப்பு. நம்ம தம்பிதுரையண்ணன் இருக்கறாரே, தண்ணி வந்தாக்கூட அவருக்குச் சத்தம் கேக்காது. நீங்க போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டியாரோணும். ஆனா அவருக்கு உதவி பண்ணறோம்னு தெரிஞ்சா ரோசப்படுவாரு. அவர் உங்களைக் கூட்டிட்டு வர மாதிரியே நெனச்சுக்கட்டும்.”

“பாவம், அது நம்ம கடமை. நான் விடுவனா? நடிச்சுப்போடறேன், நீ கவலைப்படாதே” என்றார் சாந்தாமணி அம்மா. காப்பியும் கொடுத்தார்.

அடுத்து தம்பிதுரை. அவரிடம் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். சாந்தாமணி அம்மாவுக்குக் கண் தெரியாது, நீங்கள்தான் கூட்டிவர வேண்டும், அவருக்கு ரோசம் அதிகம், அவர் உங்களைக் கூட்டிப்போவதாகவே நினைத்துக்கொள்ளட்டும். அவர் படித்துவிட்டுச் சீட்டை மடித்து மடியில் செருகி, வாயில் விரல் வைத்துக் காட்டினார். வெளியே வந்து நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாக்கடையில் இறங்கப் பார்த்தது.

“பாத்துங்கண்ணா! என்னைத் தள்ளறீங்களா, என்மேல சாஞ்சுக்கிறீங்களா?” என்றாள்.

“சிரிப்புல கை நழுவிருச்சு” என்றேன்.

மூன்று அக்காமாருக்கு ஒரு வட்டம் போட்டாள். மூத்தவரிடம், நடு அக்காவுக்குத் தலை சுற்றுகிறதாம், நீங்கள்தான் தாங்க வேண்டும் என்றாள். நடு அக்காவிடம் சின்னவரை ஒப்படைத்தாள். சின்னவரிடம் மூத்தவரை. மூன்று பேரும் தனித்தனியாக எங்களைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டு, “அவளுக்குத் தெரியவேண்டாம்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

சரவணனிடம் மட்டும் சாராள் பொய் சொல்லவில்லை. அவனுக்குப் பொய் வராது. நாம் சொன்னாலும் அதைக் கொண்டுபோய் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான்.

“சரவணா, உனக்குச் சத்தம் ஆகாது. நஃபீசாக்காவுக்கு மூச்சு ஆகாது. நீ அவங்க மருந்துப் பையை எடுத்துக்கோ. அவங்க உன் கையைப் பிடிச்சுக்குவாங்க. சேந்து வாங்க. சரியா?”

“சரி” என்றான். நஃபீசாவும் சரி என்றாள். எல்லா வீட்டையும்விடச் சீக்கிரம் முடிந்தது அந்த வீடுதான்.

சங்கொலியை வேண்டாம் என்று பிரவீனாவிடம் போனிலேயே சொல்லிவிட்டாள். எச்சரிக்கை சாராளின் போனுக்கு வரும். அவள் தன் வீட்டுச் சன்னலில் சிவப்பு லைனிங் துணியைக் கட்டித் தொங்கவிடுவாள், காது கேளாதவர்களுக்கு. தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டுவாள், கண் தெரியாதவர்களுக்கு. பஸ் ஓட்டுநர் ஆரிஃப்புக்கும் போன் போட்டு, காலனிக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்றாள்.

“ஹாரன் இல்லாம ஓட்டறதாக்கா? பிரேக் இல்லாம ஓட்டச் சொல்லுங்க, ஓட்டறேன்” என்றாராம் ஆரிஃப். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் ஒரு கவரை என்னிடம் கொடுத்து, அலுவலகத்தில் சேர்க்கச் சொன்னாள். புதுப் பட்டியலாம். அதை நாலு பக்கமும் பசை தடவி ஒட்டியிருந்தாள். நான் ஐம்பது வயசுக்கு மேல் எழுத்துப் படித்தவன். எங்கே எழுத்தைக் கண்டாலும் படித்துப் பார்க்கக் கை அரிக்கும். அது அவளுக்குத் தெரியும்.

“அப்ப, உங்களுக்கு யாரு அம்மிணி?” என்று கேட்டேன்.

“நீங்கதாங்கண்ணா. உங்களை விட்டா யாரிருக்கறாங்க எனக்கு?”

மூட்டை தூக்கின உடம்பு, ஒரு பெண்பிள்ளையைப் பஸ் ஏற்ற மாட்டேனா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஒத்திகை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பதினொரு மணிக்குத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தாம்பாளச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சன்னலில் சிவப்புத் துணி. முட்டி அன்றைக்கும் மண்டிக்கு விடவில்லை, ஆனால் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிறகு நடை நேராகிவிட்டது.

சந்துக்கு வந்தால், தம்பிதுரை ஒரு பக்கமிருந்து வேகமாக வருகிறார். சாந்தாமணி அம்மா மறுபக்கமிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வருகிறார், இடுப்பில் ஒரு பிளாஸ்க். நடுவில் முட்டிக்கொண்டார்கள்.

“பயப்படாதீங்கண்ணா, நான் இருக்கறேன்” என்று அவர் கையை இவர் பிடித்தார்.

“பயப்படாதீங்கம்மா, நான் இருக்கறேன்” என்று இவர் கையை அவர் பிடித்தார்.

இருவரும் இழுத்தார்கள். நல்லவேளை, ஒரே திசையில்.

போகும் வழியில் தம்பிதுரை திரும்பி எங்களைப் பார்த்து, ‘சும்மா நடிக்கிறேன்’ என்பதுபோல் கண்ணடித்தார். பின்னால் மூன்று அக்காமார் ஒருத்தர் முந்தானையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி வந்தார்கள். யார் எஞ்சின் என்று தெரியவில்லை. சரவணனும் நஃபீசாவும் எங்களுக்கு முன்பே போய் நின்றிருந்தார்கள். பஸ் சத்தமில்லாமல் வந்து சரிவுப் பலகையை இறக்கியது.

வாசலில் “நீங்க ஏறுங்க” என்ற பேச்சே இல்லை. நோயாளியை ஏற்றாமல் தன்னார்வலர் ஏறுவாரா? ஏற்றிய பிறகு கீழே நிற்பாரா? ஒவ்வொருத்தரும் ஒருத்தரைத் தள்ளி, அவரோடு தானும் உள்ளே போய் விழுந்தார்கள். நான் சாராளைப் பலகைமேல் தள்ளிக்கொண்டு போய் நாற்காலியைப் பட்டையால் கட்டினேன். பிரவீனா கடிகாரத்தைப் பார்த்தார்.

“பத்தொம்பது நிமிசம்!” அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. “படிவம் மட்டும் முடிச்சா நகந்தரலாமுங்க. உதவி தேவைப்படறவங்க எல்லாரும் கை தூக்குங்க.”

சரவணன் ஒரு கையைத் தூக்கினான். வேறு யாரும் தூக்கவில்லை.

பிரவீனா சுற்றிப் பார்த்தார். “சரிங்க, தன்னார்வலர்கள்?”

ஒன்பது பேரும் கை தூக்கினோம், மற்றவர்களைப் பார்த்துத் தம்பிதுரையும். சரவணன் இறக்கவேண்டிய கையை இறக்காமல் இன்னொரு கையையும் தூக்கினான். சாராளும் கை தூக்கியிருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

“ஒம்பது பேரும் தன்னார்வலரா? அப்ப நீங்க காப்பாத்துனது யாரை?”

பக்கத்தில் இருப்பவரை ரகசியமாகக் கண்ணால் காட்டினார்கள். ஆளுக்கொரு பக்கம் காட்டினால் பாவம் அவர் எங்கே பார்ப்பார்? பையிலிருந்து அந்தக் கவரை எடுத்துக் கிழித்தார்.

“சாராளம்மா எழுதிக் குடுத்த பட்டியல் இருக்குது. உதவி தேவைப்படறவங்க ஒம்பது பேரு. ஒண்ணு, சாந்தாமணி, பார்வைக் குறைவு...”

“என்ற பேரா?” சாந்தாமணி அம்மா எழுந்துவிட்டார். “நான் கூட்டிட்டு வந்தவளுங்க! ஏன் சாராளு, என்ற பேரை எதுக்குக் குடுத்தே?”

“ரெண்டு, தம்பிதுரை, காது. மூணு, நாலு, அஞ்சு, அக்காமாரு மூணு பேரும்...”

மூன்று கைத்தடியும் ஒரே நேரத்தில் தரையில் தட்டின. பிரவீனா நிறுத்தாமல் படித்தார். ஆறு சரவணன், ஏழு நஃபீசா, எட்டு சாராள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டோடு முடிய வேண்டும். ஒன்பதாவது யார்?

“ஒம்பது, வேங்கடசாமி. இடது முட்டி. படி ஏற இயலாது.”

காது சூடாகிவிட்டது. சாராளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க ஏமாற்றியபோது கூடவே நின்று சிரித்தேனே, அந்தச் சிரிப்பு அத்தனையும் திரும்பி என்மேல் விழுந்தது. அதோடு, டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு நடத்துநர் பெனடிக்ட் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் தம்பி என்னோடு ஒரே மண்டியில் மூட்டை தூக்குகிறவன். பெனடிக்ட் காதுக்குப் போனது மேஸ்திரி காதுக்குப் போக அரைமணி போதும்.

“தப்பா எழுதியிருக்குதுங்க” என்றேன். என் வாய்தான் சொன்னது.

“எனக்கும் தப்பா எழுதியிருக்குது” என்றார் சாந்தாமணி அம்மா. “எங்களுக்கும்” என்றார்கள் மூன்று அக்காமாரும்.

பிரவீனா பேனாவை மூடிவிட்டார். “அப்படீன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. ஒத்துக்காத ஆளை ஏத்துனதா நான் எழுத முடியாது. இப்ப சரவணன் ஒருத்தருதான் கணக்கு.”

“ரெண்டுங்க” என்று சாராள் கை தூக்கினாள். “நானும் இருக்கறேன். எழுதுங்க.”

“ஒம்பதுக்கு ரெண்டு பத்தாதுங்களே. இருபத்தாறு நிமிசம் ஆச்சு.”

தூறல் கூரையில் விழுந்தது. சாராள் யாரையும் கெஞ்சவில்லை. நீங்கள் சொல்லுங்கள் என்று என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோபமாவது வந்திருக்கும். அவள் சன்னல் வழியாகத் தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். சன்னலில் சிவப்புத் துணி நனைந்து தொங்கியது. வேனில் ஏறுகிறவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது.

கையைத் தூக்கினேன். நூறு கிலோ மூட்டைகூட அப்படிக் கனத்ததில்லை.

“எனக்கு இடது முட்டி மடங்கறதில்லீங்க. மூணு வருசமா. எழுதிக்குங்க.”

பெனடிக்ட் புருவத்தைத் தூக்கினார். “ஏனுங்க வேங்கடண்ணா, அந்த முட்டியோடவா லாரி ஏறறீங்க?”

“ஆமா. போய்ச் சொல்லு உன் தம்பிகிட்ட. மறந்துபோடாதே.”

சாந்தாமணி அம்மா காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். “சரவணா, இப்ப எத்தனை கை?”

“மூணு. என்னோடது ரெண்டு இருக்குது, அதுல ஒண்ணுதான் கணக்கு.”

“அப்ப நாலுன்னு எழுதச் சொல்லு. பெரிய கண்ணு தெரிஞ்சவளாட்ட எத்தனை நாளைக்கு நடிக்கிறது? நேத்துக்கூடச் சக்கரைன்னு ரவையைப் போட்டுக் காப்பி குடுத்துப்போட்டேன். குடிச்ச மனுசன் நல்லாருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாரு.”

“நாந்தானுங்க குடிச்சது” என்றேன்.

நஃபீசா சிரித்துக்கொண்டே கை தூக்கினாள். தன் பெயரைப் படித்தபோதே தூக்கியிருப்பாளாம், எல்லோரும் மறுத்ததால் மரியாதைக்குச் சும்மா இருந்தாளாம். மூன்று அக்காமார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மூத்தவர் தூக்கியதும் மற்ற இருவரும் தூக்கினார்கள். முறை தவறவில்லை.

தம்பிதுரை மட்டும் பாக்கி. இத்தனை நேரமும் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லோர் கையும் மேலே இருப்பதைப் பார்த்ததும், என்னமோ கொடுக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சட்டென்று தூக்கினார்.

“அது செல்லாதுங்க. எதுக்குன்னு தெரிஞ்சு தூக்கோணும்” என்றார் பிரவீனா. “இருபத்தெட்டு நிமிசம்!”

சாராள் ஒரு சீட்டில் கிறுக்கி அவர் முன்னால் நீட்டினாள். உங்களுக்குக் காது கேட்காது என்று ஒத்துக்கொள்கிறீர்களா? அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். பஸ்ஸே மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது.

“இதுல ஒத்துக்கறதுக்கு என்ன இருக்குது?” என்றார், காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில். “எனக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்கெல்லாம் தெரியாதுன்னுதான் சும்மா இருந்தேன்!”

ஆரிஃப் சிரித்த சிரிப்பில் காலை எடுத்தாரோ வைத்தாரோ, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. பிரவீனா கடிகாரத்தை அமுக்கினார். இருபத்தொன்பது நிமிஷம் சில்லறை.

பள்ளத்துப் பாலம் தாண்டியதும் அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏறுனவங்க ஒம்பது, தன்னார்வலர் ஒம்பது. மொத்தம் பதினெட்டுன்னு வருதுங்களே. மேல கேப்பாங்க.”

“பதினெட்டுன்னே எழுதுங்க அம்மிணி. எண்ணறதுக்கு வந்தா அவங்களுக்கும் காப்பி குடுக்கறேன்” என்று சாந்தாமணி அம்மா பிளாஸ்க்கைத் திறந்தார்.

பிரவீனா பதினெட்டு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். காப்பகத்துக்கு உடனே போன் போட்டு, எங்கள் காலனிக்கு வேன் வேண்டாம் என்றார். போனை வைத்ததும் சாராள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையாலேயே சாந்தாமணி அம்மாவை, “தீபாவளி ரவிக்கைக்குத் துணி எப்பங்க எடுத்துக் குடுப்பீங்க?” என்று தட்டிக் கேட்டாள்.

நான் அவளோடு பேசுவதில்லை என்று முடிவு செய்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு நிறுத்தம் வரைக்கும்தான் முடிந்தது.

“எல்லாருக்கும் ஒரு தன்னார்வலர். எனக்கு யாரு?”

“நானுங்கண்ணா.”

“நீயா? ரெண்டு காலும் இல்லாதவ என்னை எப்படித் தூக்குவே?”

“தூக்கறதுக்கு இல்லீங்கண்ணா. எனக்காகன்னா எந்திரிச்சு வருவீங்க. உங்களுக்காகன்னா தண்ணி கழுத்துக்கு வந்தாலும், எனக்கென்ன, நான் பாத்துக்கறேன்னு கட்டில்லயே உக்காந்திருப்பீங்க.”

“மண்டில இனி கோணி தைக்க உக்கார வெச்சுருவாங்க” என்றேன்.

“தையல்ல எனக்குப் போட்டியா வாரீங்களா? வாங்க வாங்க. கையை எப்படி வளைக்கோணும்னு சொல்லித் தாரேன்.”

“உங்கூடப் பேசறதாவே இல்லை.”

“பேச வேண்டாங்கண்ணா. எறங்கறப்ப வண்டியை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. யாரு யாரைப் பிடிச்சிருக்காங்கன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

பள்ளிக்கூடம் வந்தது. பலகையை இறக்கினார்கள். நான் கைப்பிடியைப் பிடித்தேன். அவள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக இறங்கினோம்.